உப்புநீர் மீன்தொட்டிக்குத் தண்ணீர் சேமிக்கப் பழைய நீல டிரம் வாங்கலாமா?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: அவருக்குச் சென்னையில் அடுக்குமாடி வீடு. 200 லிட்டர் மரைன் டேங்க் வைக்கப் போகிறார். ஆர்.ஓ. தண்ணீரைத் தனியாகவும் உப்பு கலந்த தண்ணீரைத் தனியாகவும் சேமிக்க வேண்டும். பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் போதுமா? அமெரிக்க வீடியோக்களில் எல்லோரும் குப்பைத் தொட்டியில்தான் உப்புத்தண்ணீர் கலக்குகிறார்கள், இங்கே அதற்குப் பதிலாக எது?

பழைய டிரம் வேண்டாம், புதிது வாங்குங்கள். பிளாஸ்டிக் வகையைப் பற்றி நம் ஆட்கள் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். ஆனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது டிரம்மின் ஜாதகம்: இதற்கு முன் அதில் என்ன இருந்தது, அதில் எங்கெங்கே உலோகம் மாட்டியிருக்கிறது.

முதலில் அந்த முக்கோணம். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறியீடு அது. குப்பையைத் தரம் பிரிப்பவருக்கு இது என்ன வகை பிளாஸ்டிக் என்று சொல்வதற்காக வந்தது, பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. 2 என்றால் எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்), 4 என்றால் எல்டிபிஇ (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்), 5 என்றால் பாலிபுரொப்பிலீன். மூன்றுமே கடல்நீருக்கு ஒத்துப்போகும், உப்பு அவற்றை அரிக்காது. ஆனால் பால் கேனிலும் 2 இருக்கும், பினாயில் கேனிலும் அதே 2 இருக்கும். என்ன நிறமி சேர்த்தார்கள், மறுசுழற்சி பிளாஸ்டிக் எவ்வளவு கலந்தார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. அதைவிட, கிளாஸும் ஃபோர்க்கும் சேர்ந்த உணவுத்தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர எண்களில், உணவும் குடிநீரும் படும் பாலிஎத்திலீனுக்கு ஐஎஸ் 10146, பாலிபுரொப்பிலீனுக்கு ஐஎஸ் 10910. மாடியில் வைக்கும் சின்டெக்ஸ் வகைத் தொட்டிகளுக்கு ஐஎஸ் 12701, பெரும்பாலும் தொட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள்.

"நாம் குடிக்கிற தண்ணீர்தானே, மீனுக்கு ஆகாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஆகாமல் போகலாம். செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. மரைன் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்கும் செம்பு மருந்தின் அளவே 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான். அந்த அளவில் மீன் பிழைக்கும். இறால், நத்தை, பவளம் பிழைக்காது. திறந்த கடலில் செம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் கீழே இருக்கிறது. முதுகெலும்பில்லாத பிராணிகள் அந்த நீரில் வாழ்ந்து பழகியவை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருப்பது எதுவும் கூடப் போவதில்லை. 200 லிட்டர் தொட்டியில் ஃபேன் ஓட நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். மாதம் 90 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுகிறீர்கள். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பு இருந்தால் மாதம் 4.5 மில்லிகிராம் உள்ளே போய்ச் சேருகிறது. கல்லும் மணலும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் வெளியே போகும், மீதி ஏறிக்கொண்டே இருக்கும். உப்பு கலக்கும் டிரம்முக்குப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, டாப்-அப் தண்ணீருக்குக் கையில் கிடைத்த வாளியை வைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் டாப்-அப் பாத்திரத்துக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

பழைய டிரம் கடைக்குப் போனால் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். "அண்ணே, இதுல என்ன இருந்துச்சு?" "ஒண்ணுமில்ல தம்பி, ஜூஸ் கேன்தான். நல்லா கழுவி வெச்சிருக்கோம்." லேபிளைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை மட்டும் சதுரமாக நிற்கும். மூடியைத் திருகித் திறந்து மூக்கை உள்ளே விட்டால் முதலில் சோப்பு வாடை. அது போன பிறகு அடியிலிருந்து மெதுவாக இன்னொன்று ஏறும்: கரைப்பானா, எசென்ஸா, பூச்சிமருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வாடை. எச்டிபிஇ தண்ணீரை உள்ளே விடாதே தவிர, எண்ணெய் கலந்த, வாசனையுள்ள கரிமப் பொருட்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். எத்தனை தடவை கழுவினாலும் சுவருக்குள் போனது சுவருக்குள்தான். வாசலில் பினாயிலும் ஆசிட்டும் விற்கிறவர் எடுத்து வரும் கேன்களைப் பாருங்கள், அவையும் ஒரு காலத்தில் வேறு எதற்கோ இருந்தவை. அந்தக் கேன் அடுத்து எந்தக் கடைக்குப் போகிறது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? டிரம்மில் மாம்பழக் கூழோ குளுக்கோஸ் பாகோ வந்தது உங்கள் கண்ணெதிரே தெரியும், கேட்டரிங் செய்யும் உறவினர் கொடுக்கிறார் என்றால் சரி, எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் வாக்கை நம்பி வேண்டாம்.

இதே வரிசையில் நம் வீடுகளில் இருக்கும் ஆபத்தான பொருள் 20 லிட்டர் பெயின்ட் வாளி. பெயின்டர் வேலை முடித்துவிட்டுப் போனதும் அதைக் கழுவிக் குளியலறையில் வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம், தப்பில்லை. ஆனால் எமல்ஷன் பெயின்ட் கெட்டுப்போகாமல் இருக்க அதில் நுண்ணுயிர்க்கொல்லி சேர்க்கிறார்கள். உயிருள்ள தொட்டிக்கு அந்த வாளி எதற்கு? கொத்தனார் வைத்திருக்கும் கறுப்பு பாண்டும் அப்படித்தான், கண்டதையும் உருக்கி ஊற்றிய மறுசுழற்சி பிளாஸ்டிக். கறுப்பு நிறம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். புது வாளி வாங்கும்போதும் வெள்ளையோ, வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக ஊடுருவித் தெரியும் இயற்கை நிறமோ கேளுங்கள். அந்த நிறத்தில் கலப்படம் செய்வது கஷ்டம். மறுசுழற்சி கலக்காததைக் கடைக்காரர்கள் "வெர்ஜின் மெட்டீரியல்" என்பார்கள்.

உலோகத்துக்கு வருவோம். வாளியின் கம்பிக் கைப்பிடி இரும்பு, அதன் மேல் துத்தநாகப் பூச்சு. உப்புத்தண்ணீர் பட்டால் கைப்பிடி மாட்டிய துளையைச் சுற்றி முதலில் வெள்ளையாகப் பூக்கும், அப்புறம் பழுப்பு வளையம் வரும், அது வாளியின் உள்பக்கமாக வழியும். கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். டிரம்மில் குழாய் வைக்க பிளம்பரை அழைத்தால் அவர் பழக்கதோஷத்தில் பித்தளை டேப்பைத்தான் எடுத்து வருவார். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். டேங்க் நிப்பிள், பால் வால்வு, மிதவை வால்வு எல்லாமே பிளாஸ்டிக்கில் கிடைக்கின்றன, அதையே வாங்கிக் கையில் கொடுங்கள். மிதவை வால்வு வாங்கும்போது அதன் தண்டையும் பார்க்க வேண்டும், மேலே பிளாஸ்டிக்காக இருந்து உள்ளே பித்தளைத் தண்டு வைத்தவை உண்டு. எவர்சில்வர் அண்டாவில் கலக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சமையல் பாத்திரத்து எஃகு குளோரைடில் நின்றால் புள்ளி புள்ளியாக அரிக்கும், வேண்டாம்.

பாத்திரத்தில் இல்லாத செம்பு தண்ணீரிலேயே வருவதும் உண்டு. இப்போது வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களில் "காப்பர்" என்று தனியாக ஒரு கார்ட்ரிட்ஜ் வைத்து, உடம்புக்கு நல்லது என்று விற்கிறார்கள். மனிதருக்கு எப்படியோ, இறாலுக்கு அது விஷம். சுவைக்காக, ஆர்.ஓ. வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டிடிஎஸ் (கரைந்த பொருட்களின் அளவு) கன்ட்ரோலரும் அதில் இருக்கும். மரைன் தொட்டிக்குத் தனி ஆர்.ஓ., அதன் கடைசியில் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின், மீட்டரில் டிடிஎஸ் 0. 20 லிட்டர் வாட்டர் கேனை நம்பியும் இறங்காதீர்கள். தாதுக்களைத் திரும்பச் சேர்த்த தண்ணீர் அது. கேனும் எத்தனை வீடு சுற்றி வந்தது என்று தெரியாது.

அமெரிக்கக் குப்பைத் தொட்டி விஷயம். அங்கே அவர்கள் பயன்படுத்துவது ரப்பர்மெய்ட் புரூட் என்ற கனமான தொட்டி. உணவுக்கூடங்களில் மாவும் ஐஸும் போட்டு வைக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள், வெள்ளை நிறத்துக்கு என்எஸ்எஃப் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் உணவுத் தொடர்புச் சான்றும் உண்டு. பெயர்தான் குப்பைத் தொட்டி. அதைப் பார்த்துவிட்டு இங்கே கடையில் உள்ள ஏதோ ஒரு குப்பைக்கூடையை வாங்கினால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மெல்லிய சுவருள்ள சதுரப் பெட்டிகளும் வேண்டாம், தண்ணீர் நிறைந்ததும் வயிறு தள்ளிக்கொண்டு ஒரு நாள் மூலையில் விரிசல் விடும். வட்டமான டிரம்தான் பாரத்தைத் தாங்கும்.

உங்கள் 200 லிட்டர் தொட்டிக்கு வாரம் 10 முதல் 15 சதவீதம் மாற்றுவீர்கள், அதாவது 20 முதல் 30 லிட்டர். ஆகவே உப்புத்தண்ணீருக்கு 100 லிட்டர் டிரம் ஒன்று, ஆர்.ஓ.வுக்கு 100 லிட்டர் ஒன்று, இரண்டும் திருகு மூடி அல்லது கிளாம்ப் மூடி போட்ட புது எச்டிபிஇ. கிளாம்ப் வளையம் இரும்பாக இருக்கும், உப்பு டிரம்முக்கு அது வேண்டாம். 200 லிட்டர் டிரம் வாங்கும் ஆசை வரும். உப்புத்தண்ணீர் நிரம்பினால் அது 205 கிலோ அளவுக்கு வரும், சுமார் மூன்று சதுர அடி இடத்தில் அத்தனையும் நிற்கும். பால்கனியின் வெளி விளிம்பில் வைக்காதீர்கள். மொட்டைமாடியிலும் வேண்டாம், மே மாத வெயிலில் தண்ணீர் சுடும், பிளாஸ்டிக்கிலிருந்து கசிவதும் சூட்டில் அதிகம். சின்ன சின்டெக்ஸ் வகைத் தொட்டி நல்ல தேர்வுதான், கறுப்பு என்பதால் பாசி பிடிக்காது. ஆனால் "கிருமியைக் கொல்லும் உள்ளடுக்கு" என்று விளம்பரம் செய்யும் ரகத்தை விட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு வழக்கமாகச் சேர்ப்பவை வெள்ளி, துத்தநாகம், செம்பு சேர்மங்கள்.

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் குஞ்சுபொரிப்பகத்தில் கோமாளி மீனையே ஃபைபர் தொட்டியில்தானே வளர்க்கிறார்கள் என்று கேட்கலாம். வளர்க்கிறார்கள். நன்றாக இறுகி, கடல்நீரில் ஊறி, கழுவிப் பழகிய தொட்டிகள் அவை. புதிதாக வார்த்த ஃபைபரில் மிச்சமிருக்கும் ஸ்டைரீன் வாடையே மூக்கைத் துளைக்கும். சிமென்ட் தொட்டியோ சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருக்கும், ஆர்.ஓ. தண்ணீரை அதில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

புது டிரம் வந்ததும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு எதுவும் போடாதீர்கள். சோப்பின் மிச்சம் தொட்டிக்குள் போனால் முதலில் காட்டிக்கொடுப்பது, கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர்தான், பொங்கி வழியும். தண்ணீரில் அலசி, வெள்ளை வினிகர் அல்லது எலுமிச்சை உப்புக் கரைசலில் துடைத்து, மறுபடி அலசி, வெந்நீர் கொஞ்சம் ஊற்றி மூடி இரவு வையுங்கள். காலையில் மூடியைத் திறந்த அந்த நொடியில் முகர வேண்டும். ஒரு வாடையும் இல்லையென்றால் பாதி ஜெயித்தாயிற்று. பிளீச்சிங் போடுவதானால் வினிகரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிறகு டிடிஎஸ் 0 உள்ள தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் விட்டு மீட்டரை வையுங்கள். உப்புகள் கசிந்தால் எண் ஏறும். கரிமப் பொருள் கசிந்தால் மீட்டருக்குத் தெரியாது. அதற்கு ஆர்டிமியா (மீனுக்குத் தீனியாகும் குட்டி உப்புநீர் இறால்) முட்டையை இரண்டு கண்ணாடிக் குவளையில் போடுங்கள், ஒன்றில் டிரம்மில் வைத்திருந்த உப்புத்தண்ணீர், இன்னொன்றில் கண்ணாடியில் வைத்திருந்தது. ஒன்றரை நாளில் இரண்டிலும் ஒரே மாதிரி குஞ்சு நீந்த வேண்டும். ஆர்டிமியா முரட்டுப் பிராணி, அது பிழைத்துவிட்டால் பவளமும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவே செத்தால் டிரம்மைத் துணி ஊறவைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மூடி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீரிலும் முட்டையிடும், உங்கள் ஆர்.ஓ. டிரம் அதற்கு அரண்மனை. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வரும்போது திறந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்தால் அபேட் மருந்து ஊற்றுவார்கள், அது அவர்கள் வேலை, ஊருக்கு நல்லது. அதில் இருப்பது டெமிபாஸ். குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்க அந்த மருந்து, கொசுப்புழுவின் தூரத்து உறவான இறாலையும் நண்டையும் விட்டுவைக்காது. நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், அம்மா கதவைத் திறந்து "அந்த டிரம்லயும் ஊத்துங்கப்பா" என்று சொல்லிவிடுவார். மூடியை இறுக்கி, காற்று போகும் ஓட்டையில் கொசுவலைத் துணியைக் கட்டி, "மீன் தண்ணீர், மருந்து ஊற்ற வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.