மாத்திரைப் பையோடு போங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. பிபி, சுகர், கொழுப்பு மூன்றுக்கும் மாத்திரை போடுகிறார். ஆனாலும் பிபி இறங்க மாட்டேன் என்கிறது. வெளிநாட்டில் மருந்தாளுநர்களே இதயநோய் அபாயத்தைக் குறைக்கிறார்களாமே, நம் ஊர் மருந்துக் கடையில் அது நடக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஓரளவு நடக்கும் அம்மா. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 56 மருந்தகங்களில் 723 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஒரு பிரிவினரை மருந்தாளுநர்களே பிபி பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, தேவைப்பட்டால் மருந்தையும் மாற்றிக் கவனித்தார்கள். மூன்றே மாதத்தில், இவர்களுடைய இதயநோய் அபாயக் கணக்கு, வழக்கமான கவனிப்பில் இருந்த மற்றப் பிரிவினரைவிட 21 சதவீதம் குறைவாக இருந்தது.

இங்கே எங்களுக்கு மருந்தை மாற்றும் அதிகாரம் கிடையாது. ஆனால் பார்த்துச் சொல்ல முடியும். நான் மருந்தாளுநராக இருப்பதால் சொல்கிறேன்: அப்பா சாப்பிடுகிற எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மருந்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். பாதி வெட்டிய அட்டை, லேகியம், வாயுவுக்குக் கரைத்துக் குடிக்கும் பவுடர் எதையும் விட வேண்டாம். அந்தப் பவுடரில் சோடியம் அதிகம். பிபி உள்ளவர் தினமும் குடிக்கக் கூடாது.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் முதலில் தேடுவது மூட்டுவலி மாத்திரையைத்தான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும். மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிப் போடுவதால் டாக்டருக்கு இது தெரியவே தெரியாது. அவர் பிபி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்.

அப்புறம், அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதனருகே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. ஒரு அட்டையில் டெல்மிசார்டன் என்ற பிபி மருந்து, இன்னொன்றில் அதே டெல்மிசார்டனும் அம்லோடிபின் என்ற இன்னொரு பிபி மருந்தும் சேர்ந்து. இரண்டு டாக்டர்கள் எழுதியிருப்பார்கள்; ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகும். எழுந்தால் தலைசுற்றுகிறது என்று பெரியவர் சொல்வதற்கு இதுவும் காரணமாகலாம்.

எதைக் கண்டுபிடித்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முக்கியமாக, ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் டாக்டரைக் கேட்காமல் விடவே கூடாது. மருந்தாளுநரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.

கூட்டமில்லாத மதிய நேரத்தில் போங்கள். கவுன்டரில் நிற்பவர் எல்லோரும் மருந்தாளுநர் அல்ல. சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ, அவரைக் கேளுங்கள்.