பூட்டிய சமையலறையும் பாலாடை பிடித்த கையும்

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். பிராடர்-வில்லி சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறு. கைக்குழந்தையாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது, ரிப்போர்ட்டில் டெலீஷன் (குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது) என்று போட்டிருக்கிறது. ஒரு வருஷமாகச் சாப்பாட்டைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ராத்திரி எழுந்து போய் இட்லி மாவைப் பச்சையாக அள்ளித் தின்றிருக்கிறாள். போன மாதம் ஃபிரிட்ஜுக்கும் சமையலறைக்கும் பூட்டுப் போட்டேன். மாமியார் என் சொந்த அத்தைதான். குடியாத்தத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். "புள்ள பசின்னு அழுவுது, இவ பூட்டிட்டு சாவிய இடுப்புல சொருவிக்கிறா, இவளும் ஒரு தாயா" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் ஊட்டியும் விடுகிறார். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஊரில் பேச்சு. இரண்டாவது குழந்தையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நான் செய்வது கொடுமையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கொடுமை இல்லை. பூட்டை எடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகித்துக்கொள்கிறேன். இந்தப் பிள்ளை பிறந்தபோது பால் குடிக்கத் தெம்பில்லாமல் துணிமூட்டை மாதிரி தொய்ந்து கிடந்திருப்பாள். இந்த நிலையோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய எல்லோருமே அப்படித்தான். தசையில் வலு இருக்காது, உறிஞ்ச வராது, பலருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் பால் இறங்கும். அந்த நாட்களில் பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊட்டியது யார்? உங்கள் அத்தையாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஐந்து மில்லி இறங்கினால் சாமிக்கு நன்றி சொன்ன கை அது. இன்று அதே குழந்தை தானாக வாயைத் திறந்து "ஆயா, பசிக்குது" என்கிறது. அந்தக் கை எப்படி நிற்கும்? அத்தை உங்களை எதிர்த்துச் செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய வேலையை அவர் இன்னும் முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வேலை முடிந்துவிட்டது. இதை அவருக்கு யாராவது சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் எடுபடாது, டாக்டர் சொல்லட்டும். அடுத்த செக்கப்புக்கு உங்கள் கணவர் வேலையைக் காரணம் காட்டி நழுவாமல், தன் அம்மாவைத் தானே கூட்டிக்கொண்டு வரவேண்டும். அத்தையை வெளியே பெஞ்சில் உட்காரவைக்காமல் டாக்டருக்கு எதிரே நாற்காலியில் உட்காரவையுங்கள். தமிழோ கன்னடமோ, அவருக்குப் புரிகிற மொழியில் டாக்டர் ஒன்றை விளக்கவேண்டும்: இவளுடைய பசி வயிற்றில் இல்லை, மூளையில் இருக்கிறது. நமக்கெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் 'போதும்' என்று மூளைக்குள் ஒரு மணி அடிக்கும். அதை அடிக்கும் இடம் ஹைப்போதாலமஸ். இவளுக்கு அந்த மணி சரியாக அடிக்காது. ஒரு கிண்ணம் கூடுதலாகப் போட்டால் பசி அடங்காது, எடைதான் ஏறும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு, அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டிய கலோரியில் 60 முதல் 80 சதவீதம்தான் தேவை. மற்றப் பிள்ளைக்கு அளவான சாப்பாடு இவளுக்கு அதிகம்.

ஊர்ப் பேச்சை இங்கேயே தீர்த்துவிடலாம். 1956-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் பிராடர், லாப்ஹார்ட், வில்லி மூவரும் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். 10,000 முதல் 30,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. 15-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி, அப்பாவிடமிருந்து வந்தது மட்டுமே வேலை செய்யும்படி அமைந்திருக்கிறது. அம்மாவிடமிருந்து வந்த பிரதி அங்கே வாய்மூடிக்கொண்டிருக்கும். அப்பா பக்கத்துத் துண்டு விடுபட்டுப்போனால் ஈடுகட்ட ஆளில்லை. 60 முதல் 70 சதவீதம் பேருக்குக் காரணம் இந்த டெலீஷன்தான். உயிரணு உருவாகும் நேரத்தில் தற்செயலாக நடக்கும் பிசகு அது. அத்தை மகனைக் கட்டினாலும், அமெரிக்காவில் பிறந்தவரைக் கட்டினாலும் நடக்கும். சொந்தத்தில் கட்டுவதால் வாய்ப்புக் கூடுகிற மரபு நோய்கள் வேறு உண்டு, அது உண்மை. இது அந்த வகை இல்லை. (அப்பா பக்கத்துத் துண்டு என்று படித்ததும் உங்கள் கண்ணில் ஒரு மின்னல் வந்திருக்கும். வேண்டாம். அவர் ஒன்றும் ஒளித்துவைத்துக்கொண்டு கொடுக்காமல் இல்லை.)

இரண்டாவது குழந்தையைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட டெலீஷன் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. அரிதாகச் சில குடும்பங்களில் அப்பாவின் குரோமோசோம் அமைப்பிலேயே மாற்றம் இருக்கும். அப்போது கணக்கு மாறும். ரிப்போர்ட்டோடு மரபியல் ஆலோசகரிடம் இருவரும் போங்கள். சொந்தத் திருமணம் என்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள், மற்ற நோய்களுக்காகவும் பார்ப்பார்கள். பெற்றுக்கொள்வதும் வேண்டாமென்பதும் உங்கள் இருவர் முடிவு. பயத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

இனி பூட்டு. பூட்டுவது முக்கியம், எப்படிப் பூட்டுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். அவள் கண்முன்னால், அவள் அழும்போது 'டக்'கென்று பூட்டினால் அது தண்டனை. காலையில் அவள் எழுமுன் பூட்டியிருந்தால் அது வீட்டின் வழக்கம். வாசல் கதவை ராத்திரி பூட்டுகிறோமே, அது யாரையும் நோகடிப்பதில்லை. சாவியை இடுப்பில் ஆட்டிக்கொண்டு நடக்கவும் வேண்டாம். அத்தை சொன்னதில் அந்த ஒரு இடம் எனக்கும் உறுத்தியது.

திறந்த ஃபிரிட்ஜ் அந்தக் குழந்தைக்கு ஓயாத சண்டை. எடுக்கலாமா, மாட்டிக்கொள்வோமா என்று நாள் முழுக்க உள்ளுக்குள் போராடிக்கொண்டிருப்பாள். கிடைக்காது என்று உறுதியானால் அந்தப் போராட்டம் குறையும். ஆனால் அதற்கு இன்னொரு பாதி உண்டு. வரவேண்டிய நேரத்தில் சாப்பாடு கட்டாயம் வரும் என்பதும் அவளுக்கு அதே அளவு உறுதியாகத் தெரியவேண்டும். உங்கள் கடிதத்தில் பூட்டு இருக்கிறது, கடிகாரம் இல்லை. காலை எட்டு, பள்ளி இடைவேளை, மதியம், மாலை நாலு, இரவு ஏழரை என்று ஐந்து படம் வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். முடிந்த வேளையின் மேல் அவளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டட்டும். "அப்புறம் தர்றேன்", "பார்க்கலாம்" என்ற இரண்டு வார்த்தைகளையும் வீட்டை விட்டே துரத்துங்கள். "அடுத்து என்ன வேளை? போய்ப் பாரு" என்றால் போதும். சேட்டை செய்தாள் என்று ஒரு வேளையை ரத்து செய்யக்கூடாது. சமத்தாக இருந்தாள் என்று ஒரு பிஸ்கட் கூடுதலாகவும் கொடுக்கக்கூடாது. சாப்பாட்டைப் பரிசாக்கினால் மறுநாளே அது பேரமாகிவிடும்.

தட்டில் அளந்து போட்டுக் கொண்டுவாருங்கள். குழம்புச் சட்டியும் சோற்றுப் பானையும் சமையலறையிலேயே இருக்கட்டும். காய் அதிகம், பருப்பும் முட்டையும் போதிய அளவு, சோறு கொஞ்சம். அளவை டயட்டீஷியன் எழுதித் தரவேண்டும், இணையத்தில் கிடைக்கிற சார்ட் வேண்டாம். வளரும் பிள்ளை என்பதால் கால்சியமும் விட்டமின் டி-யும் குறையக்கூடாது. 'ராகி நல்லது' என்று உருண்டை உருண்டையாகக் களி போடுவதையும் பார்த்திருக்கிறேன். ராகியும் மாவுதான் அம்மா.

அத்தைக்கு வருவோம். அவரிடமிருந்து ஊட்டும் வேலையை வெறுமனே பிடுங்கினால் அது திருட்டுத்தனமாகத் தொடரும். நாலு மணியை அவருக்கே கொடுத்துவிடுங்கள். நீங்கள் அளந்து டப்பாவில் வைத்துவிடுங்கள்: வெள்ளரிக்காய், கொஞ்சம் சுண்டல், மோர். ஆயா எடுத்துக் கொடுப்பார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். நாலு மணி ஆயாவுடையது என்று பிள்ளைக்கும் தெரியட்டும். அப்புறம் இருவரும் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை. இன்னொன்று: இந்தக் குழந்தைகளில் பலர் ஜிக்சா புதிர் சேர்ப்பதில் பெரியவர்களையே தோற்கடிப்பார்கள். ஒன்று வாங்கிக் கொடுத்து ஆயாவோடு உட்காரவையுங்கள். தோலைக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்ளும் பழக்கமும் இவர்களுக்கு வரக்கூடும். கைக்கு வேலை இருந்தால் அது குறையும்.

அத்தையிடம் ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சாமல், கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு வாந்தி சுலபத்தில் வராது, வலியும் நமக்குத் தெரிகிற மாதிரித் தெரியாது. விசேஷத்தில் கண்டபடி சாப்பிட்டுவிட்டு வயிறு உப்பினாலோ, வலிக்கிறது என்றாலோ, வாந்தி எடுத்தாலோ சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு உட்காரக்கூடாது. உடனே எமர்ஜென்சிக்குப் போகவேண்டும். இரைப்பை கிழிந்து உயிர் போயிருக்கிறது. நோயின் பெயரை ஒரு அட்டையில் எழுதி பள்ளிப் பையிலும் உங்கள் பர்ஸிலும் வையுங்கள், டியூட்டி டாக்டருக்கு அது புதுப் பெயராக இருக்கலாம்.

கல்யாண வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள். யார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லி, கைமாற்றிக்கொள்ளுங்கள். பள்ளியில் மிஸ்ஸிடம் மட்டும் பேசினால் பத்தாது, ஆயாம்மாவிடமும் வேன் டிரைவரிடமும் பேசுங்கள். பிறந்தநாள் சாக்லேட்டை அவள் பையில் போடாமல் உங்களிடம் தரச் சொல்லுங்கள்.

குரோத் ஹார்மோன் ஊசி பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. டாக்டரிடம் கேளுங்கள். அது உயரத்துக்கு மட்டும் இல்லை. தசை கூடும், கொழுப்பு குறையும். தினமும் போடவேண்டிய ஊசி, தொடங்குமுன் தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்று சோதிப்பார்கள், முதுகெலும்பு வளைகிறதா என்றும் பார்ப்பார்கள். செலவு அதிகம்தான். ஆனால் 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில் பிராடர்-வில்லிக்கான இந்தச் சிகிச்சை இடம்பெற்றிருக்கிறது. சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு வழி உண்டு. உங்கள் ஊரில் மனித மரபியல் மையமும், நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து அப்படி ஒரு மையம். ஃபைலை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். கற்றலில் பின்தங்குகிறாள் என்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அங்கேயே விசாரியுங்கள்.

கடைசியாக அக்கம்பக்கம். பெங்களூருவில் குசலம் விசாரிப்பதே "ஊட்ட ஆய்த்தா?" (சாப்பிட்டாச்சா?) என்றுதான். அன்பான கேள்வி, ஆனால் உங்கள் மகளிடம் கேட்டால் எந்நேரமும் "இல்லை" என்றுதான் சொல்வாள், உடனே ஒரு தட்டில் சித்ரான்னம் வரும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் நீங்களே போய் இரண்டு நிமிஷம் விஷயத்தைச் சொல்லுங்கள். அத்தை சொன்னதை வைத்துச் சண்டைக்குப் போகவேண்டாம். இனிமேல் என் பெண்ணைப் பார்த்தால் "ஆட்ட ஆய்த்தா?" (விளையாடியாச்சா?) என்று கேளுங்கள் எனச் சொல்லிவிட்டு வாருங்கள்.