மால்டா வேலை: 1,200 யூரோவில் கையில் என்ன நிற்கும்?

கேள்வி: கத்தாரில் ஐந்து வருடம் ஓட்டல் கிச்சனில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். மால்டாவில் அதே வேலை, மாதம் 1,200 யூரோ என்கிறார் ஒரு ஏஜென்ட். சின்னத் தீவு, செலவும் குறைவுதான் என்கிறார். நம்பிப் போகலாமா? ஆங்கிலம் போதுமா?

பதில்: மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட நாடு. மால்டீஸோடு ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி. கத்தாரில் காதில் விழுந்த அரபியும் கைகொடுக்கும். மால்டீஸை எழுதுவது லத்தீன் எழுத்தில், ஆனால் வேர் அரபி. இரண்டுக்கு ‘த்னேய்ன்’, மூன்றுக்கு ‘த்லீத்தா’. கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊரில், சர்ச்சுக்குள் கடவுளை ‘அல்லா’ என்று கூப்பிடுவதைக் கேட்டால் முதல் நாள் கொஞ்சம் திகைப்பீர்கள்.

செலவு குறைவு என்று சொன்னாரே, அங்கேதான் இடிக்கிறது. வளைகுடாவில் ரூம், சாப்பாடு, வண்டி எல்லாம் பெரும்பாலும் கம்பெனி தலையில். வருமான வரியும் கிடையாது. மால்டாவில் 1,200 என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. சமூகப் பாதுகாப்புக்குச் சுமார் பத்து சதவீதம், அதாவது 120 யூரோ போகும். 2025 விகிதப்படி, தனி நபருக்கு ஆண்டு வருமானம் 12,000 யூரோ வரை வரி இல்லை. அதற்கு மேலுள்ளதற்கு 15 சதவீதத்தில் தொடங்குகிறது. கழித்துப் பார்த்தால் கைக்கு வருவது 1,050 சொச்சம். அரசு விதித்த போனஸ் நான்கு தவணையாக வருடத்துக்கு 512.52 யூரோ உண்டு. அது சம்பளத்துக்கு மேலா, இந்த 1,200-க்குள்ளேயே அடங்கிவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி வாடகை. 1530-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்தத் தீவுகளைப் புனித யோவான் சபை என்ற கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பிடம் ஒப்படைத்தபோது வருட வாடகை ஒரே ஒரு வல்லூறு. இன்று ஸ்லீமா என்ற கடலோர நகரத்துப் பக்கம் தனி அறை எடுத்தால் உங்கள் சம்பளத்தில் பாதி காணாமல் போகும். காரணம் இல்லாமல் இல்லை. ஆறு கிடையாது, எண்ணெய் கிடையாது, குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. வெளியாட்களை வைத்துத்தான் தீவின் பிழைப்பு. முதலில் அந்தச் சபை, பிறகு பிரிட்டிஷ் கடற்படையும் அதன் கப்பல் பட்டறையும். 1979 மார்ச் 31-ல் கடற்படைத் தளம் மூடப்பட்டபின் சுற்றுலாவும், பின்னால் ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. 316 சதுர கிலோமீட்டரில் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் ஜனம். 2024-ல் வந்த சுற்றுலாப் பயணிகள் 35 லட்சத்துக்கும் மேல். உங்களைக் கிச்சனுக்குக் கூப்பிடுவதும் இந்தக் கூட்டம்தான், வாடகையை ஏற்றி வைத்திருப்பதும் இதே கூட்டம்தான்.

அதனால் கம்பெனி ரூம் தருகிறதா, அதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கும், ஓர் அறையில் எத்தனை பேர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தனியாக வீடு எடுத்தால், 2020-லிருந்து வாடகை ஒப்பந்தத்தை வீட்டுவசதி ஆணையத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியத் தயங்கும் வீட்டுக்காரரிடம் டெபாசிட் கொடுக்காதீர்கள்; தங்கும் அனுமதிக்குப் பதிவான ஒப்பந்தத்தைத்தான் கேட்பார்கள்.

வேலை அனுமதியில் ஒரு சிக்கல் உண்டு. அது முதலாளியோடு கட்டப்பட்டது. பக்கத்து ஓட்டலில் நூறு யூரோ கூடக் கிடைக்கிறது என்று மறுநாளே மாற முடியாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ‘ஜாப்ஸ்பிளஸ்’ என்ற அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலாளி உங்கள் பெயரைப் பதிந்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் 40 மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். குளிர்காலத்தில் கூட்டம் குறையும்போது வேலை நேரத்தையும் குறைத்தால், இந்தக் கணக்கு முழுக்க ஆட்டம் காணும்.

ஏஜென்ட் எவ்வளவு கேட்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இந்திய அரசிடம் பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் சொல்லாமல் லட்சக்கணக்கில் கேட்டால் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, ரூமும் கம்பெனியே தருவதானால், போகலாம். வெளியே வாடகைக்கு என்றால் இந்தச் சம்பளத்துக்கு நான் போகச் சொல்ல மாட்டேன்.