உப்புத்தண்ணியும் வீட்டு மெஷின்களும்: சில கேள்விகள், நேரடியான பதில்கள்

பாலக்காட்டு மாவட்டம் என்றாலே பச்சைப்பசேல் என்று நினைக்கிறவர்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் வந்து ஒரு வாரம் போர் தண்ணியில் குளித்துப் பார்க்கலாம். மழை குறைவு, அங்கங்கே கரிசல் மண், வாளையார், மதுக்கரைப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் (சும்மாவா ரெண்டு இடத்திலும் சிமென்ட் ஆலை வந்தது). அதனால் கொழிஞ்சாம்பாறையில் இருந்தாலும் சரி, எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இருந்தாலும் சரி, கேள்வி ஒரே மாதிரிதான் வருகிறது.

வேலந்தாவளத்திலிருந்து: அண்ணா, கீசர் வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது. சூடாகும்போது உள்ளே கடுகு பொரிகிற மாதிரி சத்தம். கரண்ட் பில்லும் ஏறுது. உப்பாலதானா?

சத்தம் உப்பால்தான். தண்ணியில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் பிரிந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாக மாறிக் காயில் (தண்ணியைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) மேலே ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் தண்ணி சின்னச் சின்னக் குமிழாக ஆவியாகி வெடிக்கும்போது கேட்பதுதான் அந்தச் சத்தம்.

எவ்வளவு சேரும் என்று ஒரு கணக்கு போடுவோம். உங்கள் தண்ணியின் கடினத்தன்மை (கரைந்திருக்கிற கால்சியம், மக்னீசியத்தைச் சுண்ணாம்புக் கணக்கில் சொல்வது) லிட்டருக்கு 400 மி.கி., ஒரு நாளைக்கு 60 லிட்டர் சுடுதண்ணி செலவு என்று வைத்துக்கொண்டால் தினமும் 24 கிராம் கீசர் வழியாகப் போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினாலே மாதம் 70 கிராமுக்கு மேல், வருஷத்துக்கு முக்கால் கிலோவைத் தாண்டும்.

ஆனால் கரண்ட் பில் விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். காயில் தண்ணிக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதால் அதன் சூடு தண்ணியைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை, கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். உண்மையான நஷ்டம் காயிலுக்கு. சூடு வெளியேற முடியாமல் அளவுக்கு மீறிக் காய்ந்து ஒரு நாள் வெடித்துப் போகும். கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் கதை வேறு: அதில் தண்ணிக்குப் போகாத சூடு புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும் என்பதால் கேஸ் நிஜமாகவே வீணாகும். உங்கள் பில் ஏறியதற்குத் தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்ததோ, ஸ்விட்சை அணைக்காமல் விடுவதோ காரணமாக இருக்கும், பாருங்கள்.

செய்ய வேண்டியது: தெர்மோஸ்டாட்டை 50 முதல் 55 டிகிரியில் வையுங்கள், 60-ஐத் தாண்டினால் படிவு வேகம் பிடிக்கும். ரொம்பவும் குறைத்தால் டேங்குக்குள் கிருமி வளரும், அதுவும் வேண்டாம். வருஷம் ஒரு தடவை மெயினை அணைத்து, டேங்கை வடித்து, காயிலைக் கழற்றி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊற வைத்துக் கழுவ வேண்டும். அப்போதே உள்ளே இருக்கிற ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். கரைந்து கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் மாற்றியாக வேண்டும். சர்வீஸுக்கு வருகிற பல பேர் இதைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது சேஃப்டி வால்வு. உப்பு அடைத்து அது திறக்காமல் போனால் அழுத்தத்துக்குப் போக்கிடம் கிடையாது, அது ரிப்பேர் பிரச்சனை அல்ல, உயிர்ப் பிரச்சனை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அக்கா: ஃப்ரன்ட் லோடு மெஷின். துணி விறைப்பாகுது, கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி. பவுடர் ரெண்டு மடங்கு போட்டும் சரியாகலைங்க.

பவுடரைக் கூட்டியதும் ஒரு காரணம்தான் அக்கா. பல பவுடர்களில் சோடா கலந்திருக்கும், அது கால்சியத்தோடு சேர்ந்தால் மறுபடியும் சுண்ணாம்புப் பொடிதான், துணியில் அப்பிக்கொள்ளும். உப்புத்தண்ணிக்கு பவுடர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பது சரி, ஆனால் ரெண்டு மடங்கு போட்டால் அலசும் தண்ணிக்கு அதை வெளியேற்ற முடியாது. லிக்விடுக்கு மாறி, கூடுதலாக ஒரு அலசல் வைத்துப் பாருங்கள். தினப்படித் துணிக்கு 30, 40 டிகிரி போதும். 60, 90 என்று வைக்கும்போதுதான் உள்ளே இருக்கிற ஹீட்டர் உப்பு பிடிக்கும்.

ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்கேலிங் பவுடரைக் காலி டிரம்மில் போட்டு ஓட்டுங்கள், அதில் பெரும்பாலும் இருப்பது எலுமிச்சை உப்பின் அதே அமிலம்தான். அதோடு பிளீச்சிங்கைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். தண்ணி உள்ளே வரும் குழாய் முனையில் ஒரு சின்ன வலை இருக்கும், தண்ணி மெதுவாக ஏறினால் முதலில் அதைக் கழற்றிக் கழுவுங்கள். ஹீட்டர் இல்லாத டாப் லோடு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிக் கவலை கிடையாது.

மீனாட்சிபுரத்திலிருந்து: புது வீடு கட்டுறோம். வீடு முழுக்க சாஃப்ட்னர் போடுங்க, இல்லாட்டி எல்லாம் போயிடும்னு ஒருத்தர் விடமாட்டேங்கிறார். போடலாமுங்களா?

முதலில் தண்ணியைச் சோதிக்கக் கொடுங்கள். பாலக்காட்டில் வாட்டர் அத்தாரிட்டிக்கு லேப் இருக்கிறது, எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் கோவையில் குடிநீர் வடிகால் வாரியத்தின் லேப். மொத்தக் கடினத்தன்மை, இரும்பு, குளோரைடு, ஃபுளோரைடு நாலையும் கேட்டு வாங்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை 200 வரை நல்லது, வேறு தண்ணி இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. 200-க்குக் கீழே இருந்தால் சாஃப்ட்னர் பேச்சே வேண்டாம்.

அப்புறம் விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, ரெசின் (சாஃப்ட்னருக்குள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சின்ன மணிகள்) எத்தனை லிட்டர் என்பது. தினம் 500 லிட்டர், கடினத்தன்மை 400 என்றால் ஒரு நாளைக்கு 200 கிராம் பிடிக்க வேண்டும். நல்ல ரெசின் ஒரு லிட்டருக்கு 40 முதல் 50 கிராம் வரை பிடிக்கும். ஆக 25 லிட்டர் ரெசின் அஞ்சாறு நாள் தாங்கும், பிறகு ரெண்டரை மூணு கிலோ சாதாரண உப்பைக் கரைத்து விட்டுக் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் 'மாசம் ஒரு தடவை உப்பு போட்டால் போதும்' என்கிறவர் உங்கள் தண்ணியைப் பார்க்கவே இல்லை. தண்ணியில் இரும்பு இருந்தால் அதற்கான ஃபில்டர் முன்னால் வர வேண்டும், இல்லையென்றால் ரெசின் சீக்கிரமே கெட்டுப்போகும்.

எனக்கு வீடு முழுக்கப் போடுவதில் உடன்பாடில்லை. உப்புத்தண்ணி கெடுப்பது சூடாகிற இடத்தையும் காய்கிற இடத்தையும்தான்; டாய்லெட் ஃப்ளஷுக்கும் வாசல் தெளிக்கவும் மென்தண்ணி எதற்கு? குளியலறை, வாஷிங் மெஷின் ரெண்டுக்கும் மட்டும் தனி லைன் இழுங்கள், சுவர் பூசும் முன் இழுத்துவிட்டால் செலவு ஒன்றும் பெரிதல்ல. சமையலுக்கும் குடிக்கவும் அந்த லைன் வேண்டாம். 100 மி.கி. கடினத்தன்மைக்கு 46 மி.கி. சோடியம் என்று மாறி வருவதால் 400 உள்ள தண்ணியில் 184 மி.கி. சோடியம் ஏறிவிடும், வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருப்பார்கள். ரெசின் கழுவிய உப்புக்கழிவைத் தென்னைக்குத் திருப்பி விடாதீர்கள். கரிசலில் சோடியம் ஏறினால் மண் இறுகித் தண்ணி இறங்காது.

வாளையாரிலிருந்து: குழாய்மேல காந்தம் மாட்டினால் உப்பு பிடிக்காதாமே?

காந்தம் கால்சியத்தை எடுக்காது. மாட்டிய பிறகும் லேபில் அதே அளவுதான் காட்டும். ஒட்டாமல் தடுக்கும் என்று சொல்வதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் காசுக்குக் கீசருக்கு முன்னால் மாட்டும் பாலிபாஸ்பேட் கார்ட்ரிட்ஜ் வாங்கலாம். அதுவும் கடினத்தன்மையை நீக்காது, ஆனால் கால்சியத்தை ஒட்டவிடாமல் மிதக்க வைக்கும். குடிக்கிற லைனில் மாட்டாதீர்கள், உள்ளே இருக்கிற உருண்டை கரைந்து தீர்ந்ததும் மாற்ற மறக்காதீர்கள்.

நாட்டுக்கல்லிலிருந்து: மாடியில் சோலார் ஹீட்டர் வைக்கணும். கண்ணாடிக் குழாயா, தகடா?

உங்கள் தண்ணிக்குக் கண்ணாடிக் குழாய். தகட்டில் தண்ணி போவது ஒல்லியான செம்புக் குழாய்களில், அதில் உப்பு பிடித்தால் அடைத்துக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. கண்ணாடிக் குழாயின் வாய் அகலம், வருஷம் ஒரு தடவை உருவி அடியில் தங்கியதைக் கழுவிவிடலாம். அதை விடியற்காலையில் செய்யுங்கள், வெயிலில் காய்ந்த வெறுங்குழாயில் பச்சைத்தண்ணி பட்டால் விரிசல் விடும். தகடுதான் வேண்டும் என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதாகக் கேளுங்கள், அதில் தகட்டுக்குள் ஒரே தண்ணிதான் சுற்றி வரும்.

எருத்தேம்பதியிலிருந்து: டிடிஎஸ் மீட்டரில் 900 காட்டுது. சாஃப்ட்னர் போட்டும் அதேதான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லைங்க. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கிறது, மொத்தக் கரைபொருள் அளவு, அதாவது டிடிஎஸ், கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். சாஃப்ட்னர் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கடினத்தன்மையைச் சோதிக்கும் சொட்டு மருந்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு பாட்டில் தண்ணியில் பார் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள், நுரை நின்றால் சரி.

ஆனால் உங்கள் பக்கம் இதைவிடப் பெரிய விஷயம் ஃபுளோரைடு. சித்தூர்ப் பகுதி நிலத்தடி நீரில் அது கூடுதலாக இருப்பது ரொம்ப நாளாகத் தெரிந்த சங்கதி. நல்ல அளவு 1 மி.கி., அதிகபட்சம் 1.5. சாஃப்ட்னர் அதைத் தொடாது, காய்ச்சினால் இன்னும் செறிவுதான் ஆகும். கால்சியம் குறைந்த தண்ணியில்தான் ஃபுளோரைடு ஏறும் வாய்ப்பு அதிகம், ஆகவே 'எங்க போர்ல உப்பே இல்லை' என்று நிம்மதியாக இருப்பவர்களும் சோதிக்க வேண்டும். குடிக்க ஆர்ஓ போட்டால் ஃபுளோரைடும் குறையும், கடினத்தன்மையும் குறையும். கழிவாக வரும் தண்ணியில் தரை துடைக்கலாம், பாத்ரூம் கழுவலாம், கீசரிலோ கூலரிலோ ஊற்றாதீர்கள்.

மறுபடியும் வேலந்தாவளம்: எலெக்ட்ரிக் கெட்டிலில் அடியெல்லாம் வெள்ளை. குழாயிலும் அப்படித்தான். ஆசிட் ஊத்தலாமா?

பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், எவர்சில்வரை அரிக்கும், குழாயின் குரோமியப் பூச்சு போய்விடும். கெட்டிலுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் ஒரு பெரிய ஸ்பூன் எலுமிச்சை உப்பு, அரை மணி நேரம், அப்புறம் ரெண்டு தடவை கழுவிக்கொள்ளுங்கள். கொதிக்க விட வேண்டாம். குழாய்க்கு அதே கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து: ஆர்ஓ தண்ணியை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாமா?

கூடாது. ஆர்ஓ தண்ணியிலும் உப்பு மிச்சம் இருக்கும், பேட்டரியில் தண்ணி ஆவியாக ஆக அது உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.