48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியை பேட்டரியில் ஓட்ட முடியுமா? எந்த பேட்டரி சரிவரும்?

தாராளமாக ஓட்டலாம். கமோடோர் 64 கணினிக்கு 5 வோல்ட் டிசியோடு 9 வோல்ட் ஏசியும் தனியாகக் கொடுத்தாக வேண்டும். 1982-இல் வந்த ஸ்பெக்ட்ரமுக்கு அந்தத் தொல்லை இல்லை. 9 வோல்ட் டிசி ஒன்றே போதும். 48கே போர்டு சுமார் 0.7 ஆம்பியர் இழுக்கும். மல்டிமீட்டரில் போடும் சதுர 9 வோல்ட் பேட்டரியை மட்டும் நினைக்காதீர்கள், சில நிமிடங்களில் படுத்துவிடும்.

பேட்டரி வாங்கும் முன் பவர் பின்னைக் கவனியுங்கள். அளவு வழக்கமான 5.5/2.1 மில்லிமீட்டர்தான், ஆனால் நடுமுனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை நடுவில் பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் முதலில் போவது டிஆர்4 டிரான்சிஸ்டர். கீழ் 16கே நினைவகத்தில் இருக்கும் எட்டு 4116 சிப்புகளுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் தேவை. அந்த இரண்டையும் உண்டாக்குவது டிஆர்4 இருக்கும் சர்க்யூட். 12 வோல்ட் இருக்கும்போது மைனஸ் 5 மட்டும் இல்லாமல் போனால் 4116-கள் வரிசையாகச் சாகும். செருகும் முன் மீட்டரின் கறுப்பு முனையை நடுவில் வைத்துப் பாருங்கள். மைனஸ் குறி இல்லாமல் 9 காட்ட வேண்டும்.

அடுத்தது சூடு. உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர், வரும் வோல்ட்டேஜில் 5 போக மிச்சத்தை வெப்பமாகத்தான் கழிக்கும். 9 கொடுத்தால் சுமார் 2.8 வாட். மூன்று லித்தியம் செல் வரிசை முழு சார்ஜில் 12.6 வோல்ட், அதை நேராகக் கொடுத்தால் 5 வாட்டைத் தாண்டும், கீபோர்டின் வலப்பக்கம் கை வைக்க முடியாது. இரண்டு செல் என்றால் 8.4-இல் நன்றாகத் தொடங்கும், 7 வோல்ட்டுக்குக் கீழே 7805 கைவிட்டுவிடும். எளிய வழி வேண்டுமென்றால் எட்டு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்: 9.6 வோல்ட், 2000 எம்ஏஎச் என்றால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வரும்.

7805-ஐக் கழற்றிவிட்டு அதே மூன்று கால் அமைப்பில் வரும் 5 வோல்ட் ஸ்விட்சிங் ரெகுலேட்டரைப் போடுவதே என் சிபாரிசு. 1 ஆம்பியருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். 9 வோல்ட்டில் மொத்த மின்செலவு ஆறேகால் வாட்டிலிருந்து நான்கு வாட் அளவுக்கு இறங்கும்.

இனி பேட்டரி. யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) பவர் பேங்கோடு, அதனிடம் 9 வோல்ட் கேட்டு வாங்கும் டிரிகர் போர்டு சேர்த்தால் வேலை முடிந்தது. 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட் மணி. இழப்பு போக 30 கையில் நிற்கும்: பழைய 7805-இல் நாலரை மணி, ஸ்விட்சிங்கில் ஏழு மணிக்கு மேல். ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பேங்கில் போனைச் செருகக் கூடாது. பல பேங்குகள் இன்னொரு கேபிள் வந்ததும் எல்லா போர்ட்டையும் 5 வோல்ட்டுக்கு இறக்கிவிடும், ஸ்பெக்ட்ரம் ரீசெட் ஆகிவிடும்.

திரையும் சேர்த்து ஓட வேண்டுமென்றால் யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி நல்லது. காம்போசிட் (ஒற்றை ஒயர் வீடியோ) உள்ளீடு உள்ள 7 அங்குல கார் ரிவர்ஸ் கேமரா திரை அதில் நேராக ஓடும். ஸ்பெக்ட்ரமுக்கு வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் மாட்யூல், இணைப்பதற்கு முன்பே 9-க்குத் திருகி வைத்து. பாசிட்டிவ் ஒயரில், பேட்டரியை ஒட்டியே 3 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். மாடுலேட்டருக்குள் (படத்தை டிவி சேனல் சிக்னலாக மாற்றும் பெட்டி) போகும் வீடியோவை நேராக வெளியே எடுக்கும் காம்போசிட் மாற்றத்தை முதலில் செய்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தத் திரைகளில் டிவி ட்யூனர் கிடையாது.

இன்வெர்ட்டர் வைத்து 230 ஆக்கி பழைய அடாப்டரில் செருகும் யோசனை வேண்டாம். மலிவு இன்வெர்ட்டரின் சதுர அலையில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும், பேட்டரியில் பாதி வழியிலேயே போகும்.

புரோகிராம்களை லோட் செய்ய, கேசட்டுக்குப் பதில் போனிலிருந்து ஸ்பெக்ட்ரமின் இயர் சாக்கெட்டுக்கு மோனோ கேபிள். சத்தம் ஏறக்குறைய முழுசாக, போன் ஃப்ளைட் மோடில்; நடுவில் ஒரு மெசேஜ் டிங் என்றால் லோடிங் முதலிலிருந்து.