55 வயதாகிறது, தினமும் நடக்கிறேன். முதுமையிலும் ஆரோக்கியமாக இருக்க இது மட்டும் போதுமா?

நடையை விட்டுவிடாதீர்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றுக்கும் நடப்பது நல்லது. தசை தேய்வதைத் தடுக்க மட்டும் அது போதாது. வயதானவர்கள் அடுத்தவர் கையை எதிர்பார்க்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, கைப்பிடி இல்லாமல் படியேற முடியாது, குளியலறைக்குப் போகக்கூடத் துணை தேவைப்படும்.

30 வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. 60-ஐத் தாண்டினால் இன்னும் வேகமாக. அதிலும் சட்டென்று விசை கொடுக்கும் தசையிழைகள்தான் அதிகம் மெலிகின்றன. கால் இடறும்போது அடுத்த காலைப் பட்டென்று முன்னே வைத்து நம்மை விழாமல் காப்பவை அவைதான். நிதானமான நடையில் அவற்றுக்குப் பெரிதாக வேலை கிடையாது.

முழங்கால் வலிக்காக அம்மாவை அழைத்துப் போனபோது இயன்முறை மருத்துவர் கொடுத்த முதல் பயிற்சி, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து மறுபடி உட்காருவது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குப்பா?" என்று அலுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். இப்போது என் கை நீண்டால் தட்டிவிடுகிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

"இந்த வயசுல" என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, 1990-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைத்தான். முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதையொட்டிய 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 55-ல் இருக்கும் உங்களுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, 2 நாளாவது தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65-க்கு மேல் சமநிலைப் பயிற்சியும் வாரம் 3 நாள் சேர வேண்டும். ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரோரமாக ஒற்றைக் காலில் நிற்பது, இவையே நல்ல தொடக்கம். சுலபமாகிவிட்டால் கொஞ்சம் கடினமாக்குங்கள். சுலபமாகவே செய்துகொண்டிருந்தால் தசை வளராது. சாப்பாட்டில் ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். இதய நோயோ மூட்டுத் தேய்மானமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால், மருத்துவர் அனுமதித்த அன்றே எழுந்து நடமாடுங்கள். 1966-ல் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். அந்த 3 வாரம் அவர்களுடைய உடல் திறனைக் குறைத்த அளவுக்கு, பின்னால் வந்த 30 ஆண்டு முதுமைகூடக் குறைக்கவில்லை. இளைஞர்களுக்கே அப்படியென்றால், "ரெஸ்ட் எடுங்க" என்று பெரியவர்களை நாள்கணக்கில் படுக்க வைப்பது அன்பாகவே இருந்தாலும் கெடுதல்தான்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் காட்டுங்கள். தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் தலைசுற்ற வைத்து விழ வைக்கலாம். அளவை மாற்ற வேண்டுமா என்று அவரே பார்த்துச் சொல்வார்.