புகை பட்டுச்சுன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்

வணக்கம் மேடம். எனக்கு 39 வயசு, புதுச்சேரி முத்தியால்பேட்டை, ஒரே பொண்ணு நாலாவது படிக்கிறா. அம்மா போய் ஒரு வருஷம் ஆச்சு. அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை, பஸ்ஸுல இல்லாம கார்ல போகணும், வழில எதைப் பார்த்தாலும் இறங்கிப் பார்க்கணும், அப்படியே சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போயிட்டு வரணும்னு. வண்டி வாங்கினதும் போலாம்மான்னு சொல்லி சொல்லியே நாளக் கடத்திட்டேன். வண்டி வந்தப்ப அவங்க இல்ல. தெவசம் முடிஞ்சு மே லீவுல அப்பா, ஒய்ஃப், பொண்ணோட ரெண்டு நாள் கிளம்பினோம்.

முதல்ல திருவக்கரை கல்மரம். 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரம் கல்லா மாறிக் கெடக்கு. அப்பா ஒண்ணத் தட்டிப் பார்த்துட்டு "உங்கம்மா இருந்தா இது அடுப்புல எரியுமான்னு கேட்டிருப்பா"ன்னாரு. அம்மாவப் பத்தி அவரு தானா வாயத் தொறந்தது அன்னிக்குத்தான்.

அங்கருந்து பண்ருட்டி சித்தி வீடு. சித்தி அச்சு அசல் அம்மா மாதிரியே இருப்பாங்க, என்னக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க, அப்பா அழுதாரு, ஒய்ஃபும் அழுதா, எனக்கு மட்டும் ஒரு சொட்டு வரல, பலாப்பழத்த டிக்கில ஏத்துறேன்னு வெளிய வந்து நின்னுட்டேன். அம்மா போன அன்னிக்கும் இப்படித்தான், ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல், மாலைன்னு ஓடிட்டே இருந்தேன்.

மறுநாள் வடலூர். வள்ளலார் ஆரம்பிச்ச தருமசாலைல 1867ல மூட்டின அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுது. ஒரு அம்மா வெறகத் தள்ளி விட்டுட்டு முந்தானையால முகத்தத் தொடச்சாங்க. அவ்ளோதான் மேடம், செவுத்தப் பிடிச்சிட்டு அழுதுட்டேன், நிறுத்தவே முடியல. பொண்ணு பயந்துபோய் ஏம்பா அழறேன்னா, புகை பட்டுச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம் சிதம்பரம் அத்தை வீடு, பிச்சாவரம் போட்டிங் எல்லாம் போனோம், எதுவும் மனசுல நிக்கல. பெத்த அம்மாவுக்கு அழாதவன் எங்கயோ ஒரு அடுப்பப் பார்த்து அழறேன், எனக்கு ஏதாவது பிரச்சினையா?

ஆலோசகர் பதில்:

தம்பி, அந்த அழுகை உங்க அம்மாவுக்குத்தான். சாவு வீட்ல எல்லாத்தையும் இழுத்துப் போட்டு செய்யுற பிள்ளைக்கு அழ நேரமே கெடைக்காது. சித்தி வீட்லயும் சுத்தி எல்லாரும் உடைஞ்சு அழறாங்க, நாமளும் அழுதா அப்பாவ யாரு தாங்குறதுன்னு மனசு இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. வடலூர்ல உங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்ல, உங்களத் தெரிஞ்சவங்களும் இல்ல, அதோட வெறகுப் புகை வேற. வாசனைய வாங்குற பகுதியும் ஞாபகம், உணர்ச்சிய பாக்குற பகுதியும் மூளைல ரொம்ப நெருக்கம், அதனால ஒரு வாசனை போதும், நம்ம அனுமதி கேக்காமயே ஆளக் கொண்டுவந்து நிறுத்திடும். அம்மா வெறகடுப்புல சமைச்சவங்கன்னு நீங்க எழுதல, ஆனா கல்மரத்துக்கிட்ட அப்பா சொன்னதுலயே எனக்குத் தெரிஞ்சுடுச்சு.

துக்கத்துல இருக்கறவங்க இழப்புக்குள்ள கொஞ்சம் போறதும் வேலை குடும்பம்னு வெளிய வர்றதுமா மாறி மாறித்தான் இருப்பாங்கன்னு ஸ்ட்ரோப், ஷுட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1999ல எழுதினாங்க, ரெண்டும் வேணும். நீங்க ஒரு வருஷமா வெளியவே நின்னுட்டீங்க. அதுல அந்த கார் விஷயம் வேற உறுத்துதுன்னு நெனைக்கிறேன். அத அப்பாகிட்டயே சொல்லுங்க, ராத்திரி சாப்ட்டு உக்காந்திருக்கப்ப கல்மரப் பேச்ச எடுத்தீங்கன்னா போதும், அவரும் பேச ஆள் இல்லாமத்தான் இருக்காரு.

இனி நடுநடுவுல அழுகை வந்தா வரட்டும். தூக்கம், சாப்பாடு, வேலைன்னு எல்லாம் கெட்டுப் போகுது, இல்ல உயிரோட இருக்கவே பிடிக்கலைன்னு தோணுச்சுன்னா மட்டும் தள்ளிப் போடாம டாக்டரப் பாருங்க, 14416 டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண்ல தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

பொண்ணுகிட்ட சீக்கிரமே சொல்லிடுங்க. நாலாவது படிக்கிற பிள்ளைக்கு புகைக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியும், அப்பா மறைக்கிறாருன்னா தானும் கேக்கக் கூடாது போலன்னு பாட்டியப் பத்தி பேசறதையே விட்டுடும். "அன்னிக்கு புகை படல, பாட்டி ஞாபகம் வந்துடுச்சு"ன்னு சொல்லுங்க, பாட்டி என்ன சமைச்சா உனக்கு ரொம்பப் பிடிக்கும்னு கேளுங்க.